கதவில் தொங்கிய ரொட்டிப் பை

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லபடியாக ஸ்பெயின் வந்து சேர்ந்தேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? லீட்ஸில் உங்களோடு இருந்த இரண்டு வாரத்தில் மொழிபெயர்ப்பு வேலை இங்கே குவிந்துவிட்டது.

ஒரு வேடிக்கை கேளுங்கள். கதவில் துணிப்பை தொங்கினால், வீட்டில் ஆள் இருப்பதாக நினைத்து ரொட்டிக்காரர் ஃபெர்மின் வண்டியை நிறுத்தி ரொட்டி போட்டுவிட்டுப் போவார். நான் கிளம்பிய அவசரத்தில் பையை எடுத்து வைக்க மறந்துவிட்டேன். ரொட்டியெல்லாம் காய்ந்து கிடக்கும் என்று வந்து பார்த்தால், பை காலி.

எதிர்வீட்டு யூலாலியாவைக் கேட்டேன். "நீ எங்கடி ஊருக்குப் போனே? தினமும் உன் வீட்டுப் புகைபோக்கியில புகை வந்துதே!" என்று சிரித்தார்.

ரொட்டி போனது ஏதோ பூனையின் வேலையாக இருக்கும். பூனைக்கு அடுப்பு மூட்டத் தெரியுமா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

உங்கள் பட்டறையில் கிடக்கும் பெரிய தாழ்ப்பாளை அனுப்புங்கள். ஞாயிறுதோறும் போன் செய்யுங்கள், பேச ஒன்றும் இல்லாவிட்டாலும்.

இதோ, ரொட்டி வண்டி. போய் வாங்கி வருகிறேன்.

அப்பா, ஃபெர்மின் இரண்டு ரொட்டி கொடுத்தார். "நான் ஒருத்திதானே, எனக்கு ஒன்னு போதுமே" என்றேன்.

"உங்க வீட்டு மாடி ஜன்னல்ல நிக்கிறவர் ரெண்டுன்னு விரலைக் காட்டினாரே!"

தபாலில் போடக் கையோடு எடுத்து வந்த இந்தக் கடிதத்தின் கடைசி வரிகளை அவர் வண்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டைப் பூட்டவில்லை.

உங்கள் மகள்,
ஹெஸ்தர்