வேலிக்குள் நான் எழுதிய நெல்

உடுப்பிட்டி
23.02.2025

அன்பு மகள் சுவர்ணாவுக்கு,

அப்பா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நடமாடித் திரிகிறோம், அங்கே நீயும் மருமகன் ஜெயதீபனும் அந்தக் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்பதே எங்கள் நேர்த்தி. அம்மாவின் முழங்கால் நோவுக்குத் தெல்லிப்பழை ஆசுபத்திரியில் காட்டிக் குளிசை எடுத்திருக்கிறோம், ஏறி இறங்கக் கூடாது என்று டொக்டர் சொன்ன மறுநாளே ஏணி வைத்து முருங்கைக்காய் பிடுங்கினாள், கேட்டால் டொக்டர் படிக்கட்டைத்தான் சொன்னவர் என்கிறாள். எனக்குச் சீனி கட்டுக்குள் இருக்கிறது. இந்தமுறை மாரி பிந்தியும் பெய்ததால் நெல்லு வெட்டு இப்போதுதான் முடிந்தது, வீதியெல்லாம் நெல் காய்கிறது, மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் சுற்றிப் போகிறார்கள். தினமும் தொலைபேசியில் முகம் பார்க்கிற காலத்தில் இந்த மனிதர் ஏன் பேனையும் தாளுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். முகம் பார்த்துச் சொல்ல முடியாத விஷயம் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதனால்தான். அதற்கு முன் உன்னைக் கொஞ்சம் புகழவேண்டும், அதுவும் எனக்கு முகத்துக்கு நேரே வராது.

ஒருகாலத்தில் ஒல்லாந்தர், அந்த டச்சுக்காரர்தான், இங்கே வந்து யாழ்ப்பாணத்துக் காணிகளையெல்லாம் அளந்து தோம்பு என்ற பதிவேடு எழுதினார்கள், இப்போது என் மகள் ஒல்லாந்தில் இருந்துகொண்டு நம் காணிகளின் கணக்கைத் திருத்துகிறாள் என்று சந்தியில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். உன் வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு நான் விளங்கப்படுத்துவது இப்படித்தான், பிழையென்றால் சொல். ஒவ்வொரு நாடும் தான் எவ்வளவு பச்சைவீட்டு வாயுவை வெளியே விடுகிறது என்று உலகத்துக்குக் கணக்குக் காட்டவேண்டும். தண்ணீர் நிற்கிற வயலின் சேற்றிலிருந்து மெதேன் வருகிறது, ஆனால் ஒவ்வொரு வயலாகப் போய் அளக்க ஆளில்லை, ஆகவே எத்தனை ஏக்கர் நெல் என்று அரசாங்கக் கந்தோர்களில் எழுதிவைத்த எண்ணை எடுத்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று பெருக்கிவிடுகிறார்கள். எழுதிவைத்த எண் பிழையென்றால் அதற்குப் பிறகு எல்லாம் பிழை. நீ அந்த எண்களை வானத்தில் சுற்றுகிற செய்மதி எடுத்த படங்களோடு ஒத்துப் பார்க்கிறாய். காற்றிலுள்ள மெதேனை அளக்கிற செய்மதிக்கு நம் ஊர் ஒரு புள்ளிக்கும் போதாது, நிலத்தைப் பார்க்கிற செய்மதிதான் முப்பது மீற்றர் சதுரம் சதுரமாக வயல் எது பற்றை எது என்று காட்டும் என்று நீ சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மார்கழியில் நீ அனுப்பிய பன்னிரண்டு இடங்களுக்கும் மொப்பெட்டில் போய்ப் பார்த்தேன் அல்லவா, பதினொன்றில் நீ சொன்னது அச்சொட்டாக இருந்தது. பன்னிரண்டாவதில் நெல் என்று போட்டிருந்தாய், போய்ப் பார்த்தால் கோரைப்புல் நிறைந்த குளம், முழங்கால் அளவு சேற்றில் ஒரு செருப்பை விட்டுவிட்டு வந்தேன். உன் செய்மதியும் சறுக்கும் என்று அன்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், அது ஏன் என்று இனித்தான் உனக்கு விளங்கும்.

மூன்று கிழமைக்கு முன் ஞாயிற்றுக்கிழமை நீ எடுத்தபோது அம்மாவும் நானும் தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாத்திவைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். தொண்ணூற்று மூன்றிலிருந்து இரண்டாயிரத்துப் பத்து வரைக்கும் எங்கள் பழைய விவசாயப் பிரிவின் காலபோக மாரிநெல் அறிக்கைகளில் இராணுவம் அடைத்த கம்பிவேலிக்குள் இருநூற்று எண்பது ஏக்கருக்குக் கிட்ட நெல் விதைத்ததாக எழுதியிருக்கிறது, செய்மதிப் படத்தில் ஒரு வருடம்கூட அங்கே நெல் இல்லை, வெறும் பற்றைக்காடுதான் என்று நீ சொன்னாய். உனக்குச் சிரிப்பும் வந்தது. உதை எழுதின மனிசன் கெட்டிக்காரக் கள்ளன் அப்பா, மழை குறைஞ்ச வருசத்திலை ஏக்கரையும் குறைச்சுப் போட்டிருக்கிறார், அதாலைதான் இவ்வளவு காலமும் ஒருத்தரும் பிடிக்கேல்லை, கள்ளன் எண்டு அறிக்கையிலை எழுதேலாது, கள உத்தியோகத்தரின்ரை கவனக்குறைவு எண்டு நாகரிகமாய்ப் போடப்போறன் என்றாய். பிறகு, உங்கடை கந்தோரிலை அப்ப ஆர் இருந்தவை என்று கேட்டாய். ஆர் ஆரோ வந்து போச்சினம், ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டு நான் ஆட்டுக்குக் குழை போட எழும்பிப் போனேன்.

அந்தக் கெட்டிக்காரக் கள்ளன் நான்தான் பிள்ளை. தொண்ணூற்று மூன்றில் கள உத்தியோகத்தராக அந்தப் பிரிவை நான்தான் பொறுப்பெடுத்தேன். அப்போது வேலிக்குள் காணி இருந்த சனம் முழுக்க இடம்பெயர்ந்து இங்கே உடுப்பிட்டியிலும் அங்கே இங்கேயுமாக இருந்தது, எங்கள் கந்தோரும் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்னறையில் இரண்டு மேசையோடு இருந்தது. வேலிக்குள் யாரும் போக முடியாது, நானும் போகவில்லை. முதல் வருடம் அறிக்கைத் தாளில் அந்த வயல்களுக்கு நேரே கோடு இழுக்க நினைத்துத்தான் அடிமட்டத்தைக் கையில் எடுத்தேன். அன்றைக்குக் கனகரத்தினம் வந்தார், உனக்கு அவரை நினைவிருக்காது, வேலிக்குள் ஆறு ஏக்கர் வயல் விட்டுவிட்டு வந்த மனிதர். தாளை எட்டிப் பார்த்துவிட்டு, தம்பி, என்ரை பேருக்கு நேரை கோடு இழுத்துப்போடாதையும், கோடு இழுத்தால் உது ஆளில்லாக் காணி எண்டு ஆக்கிப்போடுவாங்கள், நாங்கள் விதைக்கிறம் எண்டு எழுதிவிடும், விதைக்கத்தானே போறம் என்றார். ஒரு வருடம் விதைக்காவிட்டால் காணி போய்விடும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாட்களில் சட்டத்தை நம்பி யாரும் நிம்மதியாக இருக்கவில்லை, நானும் இல்லை. இருநூற்று எண்பத்தாறு என்று எழுதினேன்.

ஒருமுறை எழுதியபின் விடமுடியவில்லை. ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டால் மேலே கண்டுபிடிப்பார்கள் என்று ஒவ்வொரு காலபோகத்திலும் மழையைப் பார்த்தேன், ஐப்பசி மழை பிந்தினால் பத்து ஏக்கர் குறைத்தேன், நல்ல மாரியென்றால் ஐந்து கூட்டினேன், ஒரு வருடம் புயல் வந்தபோது வேலிக்குள் வெள்ளச் சேதமும் எழுதினேன். கனகரத்தினம் வருடாவருடம் புரட்டாதி கடைசியில் வந்து, இந்த முறை என்ன விதைச்சனீர் தம்பி என்று கேட்பார், மொட்டைக்கறுப்பன் நெல் என்று நான் சொல்வேன், சரி என்று தலையாட்டிவிட்டுப் போவார். நாங்கள் சிரித்ததில்லை. அந்த மனிதர் இரண்டாயிரத்து ஒன்பதில் இங்கேயே கண்ணை மூடினார். காணி விடுபட்டதும் அதற்குப் பிறகுதான், அதுவும் அவர் இரும்புப் பெட்டிக்குள் காத்துவைத்த காணி உறுதிப் பத்திரத்தால் அவர் மகள் கீர்த்திகாவுக்குக் கிடைத்தது, நான் எழுதிய எண்ணை ஒருவரும் எடுத்தும் பார்க்கவில்லை. பதினேழு வருடம் பொய் எழுதி ஒரு கையளவு மண்ணைக்கூட நான் காப்பாற்றவில்லை என்று தெரிந்தபோது வந்த வெட்கத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அதைவிடப் பெரிய வெட்கம், நீ கேட்டபோது ஞாபகமில்லை என்று சொன்னது.

உன் படங்களை அன்றிலிருந்து எத்தனை தரம் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பதினாறு நாளுக்கு ஒருமுறை அந்தச் செய்மதி மேலால் போயிருக்கிறது, முகில் மறைக்காத நாளெல்லாம் படம் எடுத்திருக்கிறது. வேலிக்குள் என்ன நடக்கிறதென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாத காலத்தில், நான் பின்னறையில் இருந்து இல்லாத நெல்லுக்குக் கணக்கு எழுதிய காலத்தில், அது உள்ளதை உள்ளபடி பார்த்துக்கொண்டு போயிருக்கிறது. வரம்புகள் எப்படி மங்கின, பற்றை எந்தப் பக்கத்திலிருந்து ஏறியது, எல்லாம் இருக்கிறது. அந்தப் பற்றை வளர வளரக் காற்றிலிருந்த கரியை இழுத்து வைத்ததென்றும், நான் அதை மெதேன் விடுகிற வயலாகக் காட்டியதால் நாட்டின் கணக்கு இரண்டு பக்கத்தாலும் பிழையானதென்றும், தொடக்க வருடங்கள் பொய்யென்றால் பிறகு கூடியது குறைந்தது என்பதெல்லாம் பொய் என்றும் நீ சொன்னாய், ஓம், அது சரி. ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொரு படம். எண்பத்தொன்பதாம் ஆண்டு தை மாதத்துப் படம், வேலிக்கு முந்தியது. அதைக் கடையில் பெரிதாக அச்சடித்துக் கீர்த்திகாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். குளத்தை வைத்து எண்ணிப் பார்த்து, உது எங்கடை வயல், ஐயா இருக்கேக்கை விதைச்சது என்று விரலை வைத்தாள், விரலுக்குக் கீழே பச்சையாக இருந்தது. இந்த நிலத்துக்கு ஆள் இருந்தது என்று காட்டத்தானே நான் பதினேழு வருடம் பொய் எழுதினேன். அதை உன் செய்மதி ஒரு படத்தில் உண்மையாகவே காட்டிவிட்டது. அப்படி ஒரு சாமானை வாசிக்கத் தெரிந்த பிள்ளையைப் பெற்றேன் என்று அன்று அந்த முற்றத்தில் நின்று அழுதேன், கீர்த்திகா பயந்துபோய்க் கதிரை கொண்டுவந்து போட்டாள்.

பங்குனியில் நீ கொழும்புக் கூட்டத்தில் இதையெல்லாம் மேசையில் வைக்கப்போகிறாய். அங்கே பழைய ஆட்கள் ஒருவர் இருவராவது இருப்பார்கள், இது சோமசேகரத்தின் எழுத்தல்லவா, உமது தகப்பன் அல்லவா என்று யாராவது கேட்டால் நீ என்ன செய்வாய்? என்னைக் காப்பாற்றத்தான் கவனக்குறைவு என்று எழுதினாய் என்று சொல்லிவிடுவார்கள், உன் மற்ற எண்களையும் சந்தேகிப்பார்கள். ஆகவே அவர்கள் கேட்கமுன் நீயே சொல்லிவிடு. எனக்கு என்ன வரும் என்று யோசிக்காதே, எழுபத்தைந்து வயதில் புதிதாக வர ஒன்றுமில்லை, நீ என்னை என்ன நினைப்பாய் என்பது ஒன்றுதான் எனக்குப் பயம். அதே பிரிவில் வேலிக்கு வெளியே நூற்று நாற்பது ஏக்கர், அது நான் வரம்பு வரம்பாக நடந்து எழுதியது, அதை நம்பு. உள்ளே எழுதியதை முழுக்க வெட்டு, இரங்காமல் வெட்டு.

இதை எழுதவைத்தது உன் அம்மா. இந்தக் கணக்கை நான் அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை, ஆனால் அன்று பின்னாலேயே ஆட்டுக்கொட்டிலுக்கு வந்து, இஞ்சாருங்கோ, பிள்ளை கேட்டதுக்கு உண்மையைச் சொல்லாமல் வந்திட்டியள், வாயாலை வராட்டி எழுதுங்கோ என்றாள். அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை.

பிள்ளையாரும் அம்மனும் உங்கள் இருவருக்கும் துணை நிற்பார்கள், தீர்க்காயுசாக இருங்கள். வரும்போது அம்மாவுக்கு முழங்காலில் போடுகிற அந்த இறுக்கமான உறை ஒன்று மறக்காமல் கொண்டு வா. வழக்கத்தில் அப்பா என்று மட்டும்தான் எழுதுவேன், இந்தமுறை உன்னிடமுள்ள பழைய தாள்களோடு ஒத்துப் பார்ப்பதற்காக முழுக் கையொப்பமும் வைக்கிறேன். காரணம் எழுதுகிற இடத்தில் உனக்குச் சரியென்று படுவதைப் போடு, பொய் எழுதினான் என்று வேண்டுமானாலும் போடு. கவனக்குறைவு என்று மட்டும் போடாதே மகள். பதினேழு வருடமும் நான் கவனமாகத்தான் எழுதினேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
க. சோமசேகரம்