குசினி வாசல் கால்மிதி

சவர்க்கார மணம் வந்தாலே இப்போது எனக்கு முகம் சுடுகிறது, மச்சாள். காலையில் பக்கத்து வீட்டுக் கிணற்றடியில் யாரோ துணி தோய்த்தார்கள். அடுப்படியில் நின்ற நான் குசினி யன்னலைச் சாத்திவிட்டேன். ஏன் என்று உங்களிடம்தான் சொல்ல முடியும்.

நாங்கள் இருவரும் கால்மிதி செய்யத் தொடங்கிய நாள் தொட்டுச் சண்டைதான். உங்களுக்கு ஆணி அடித்த மரச்சட்டம். அதில் நூலை இறுக்கிக் கட்டி, துணிக்கீற்றை மேலும் கீழுமாகக் கோத்து நெய்வீர்கள். தட்டையாகக் கிடக்கும், கெதியாகக் காயும். ஆனால் சீமெந்துத் தரையில் வழுக்கும். எனக்குச் சட்டம் சரிவராது. மூன்று கீற்றைத் தலைமயிர் போலப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைப்பேன். பாரமாக, அசையாமல் கிடக்கும், காயத்தான் பஞ்சிப்பட்டு இரண்டு நாள் எடுக்கும். தையலை இறுக்கினால் ஓரம் கிளம்பும். பொரித்த அப்பளம் என்று நையாண்டி பண்ணுவீர்கள். சாக்கில் துணியைக் கொக்கியால் கொளுவி இழுத்துச் செய்வது கட்டிலடிக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் மண் குடியிருக்கும் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கதை.

ஒருநாள் என் பின்னலைப் பிரித்துப் பார்த்தீர்கள். "சட்டத்தில போட்ட துணி முகம் காட்டும். உம்மட பின்னல் எல்லாத்தையும் உள்ளுக்கு மடிச்சு ஒளிச்சுப்போடும்" என்றீர்கள். குறை சொன்னீர்களா, மெச்சினீர்களா என்று எனக்கு விளங்கவில்லை.

நீங்கள் கண்மூடி, முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் உங்கள் மகன் உங்கள் உடுப்புகளை ஓர் உரப்பையில் கொண்டுவந்து, எனக்கு உதவும் என்று வைத்துவிட்டுப் போனான். தனியே எடுத்துவைக்கத்தான் நினைத்தேன். கால்மிதிக்கென்று வாங்கி வைத்த தையற்கடை வெட்டுத்துணிப் பைகளோடு அதுவும் கலந்துபோனது. துணியைக் கையில் எடுத்தால் எங்கள் கண் பருத்தியா, நைலோனா, நேராகக் கிழியுமா என்றுதான் பார்க்கும். யாருடையது என்று பார்க்காது. அப்படியே கிழித்தேன். கரையை உள்ளே மடித்துப் பின்னி, குசினி வாசலில் போட்டேன். மாரி முழுக்க வயல் சேற்றோடு வந்த எல்லாரும் அதில் கால் துடைத்தோம்.

உங்கள் முதலாம் ஆட்டைத் திவசத்துக்கு முன்னர் அதைக் கழுவ எடுத்தபோது தையல் விட்டு, பின்னல் வாய் திறந்தது. உள்ளே மாம்பிஞ்சுக் கரை. நீங்கள் வீட்டில் கட்டும் பச்சைச் சீலை. தெரியாமல் ஒருவர் மேல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுகிற ஆட்கள் நாங்கள். நான் ஒரு மாரி முழுக்க உங்களை மிதித்திருக்கிறேன். எல்லாப் பின்னலையும் பிரித்து, திருப்பித் திருப்பிச் சவர்க்காரம் போட்டு உரஞ்சினேன். கழுவினால் பாவம் போய்விடும் என்று நினைத்தேனாக்கும்.

திவசத்துக்கு வவுனியாவிலிருந்து வந்த உங்கள் மகள், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என்னருகே வந்து பச்சைச் சீலையைக் கேட்டாள். அண்ணன் தெரியாமல் தந்துவிட்டானாம். அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டுமாம். ஒளிக்க மனம் வரவில்லை. கொடியில் கிடந்த கீற்றுகளை அள்ளிக்கொண்டுவந்து கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். காலால் மிதித்ததைக் கேட்பாள், ஏசுவாள் என்று தலை குனிந்து நின்றேன். அவளோ அவற்றை மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

"தோய்ச்சுப்போட்டீங்களோ, மாமி?"

"ஓம் பிள்ளை, நல்லாச் சவுக்காரம் போட்டுத் தோய்ச்சனான்" என்றேன், ஏதோ பெரிய நன்மை செய்தவள் போல.

"சேறு பட்டாலும் பரவாயில்லை. உள்ளுக்கு மடிஞ்ச பக்கத்தில அம்மாவின்ர மணம் கொஞ்சம் இருந்திருக்கும்."

கீற்றுகளைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டாள். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என் பின்னல் தன்னையறியாமல் ஒளித்துக் காத்த ஒன்றை என் கையே பிரித்துக் கழுவி ஊற்றிவிட்டது, மச்சாள்.

குசினி வாசலில் இப்போது ஒன்றும் போடுவதில்லை. ஆனாலும் பழக்கத்தில் கால் அங்கே நிற்கிறது. வெறும் சீமெந்தில் தேய்க்கப் போய், கூச்சத்தோடு கால் தூக்கி, மண்ணோடேயே உள்ளே போகிறேன்.