இரண்டு பக்கமும் ஒரே தடம்

ஜூன் 3

இன்றைக்கும் அப்பா வேலைக்குப் போகுமுன் வாசல் மண்ணை வாரியால் இழுத்து, துணி விரித்த மாதிரி ஆக்கிவிட்டுப் போனார். கேட்டைப் பூட்டினால் நாலு பேர் கேட்பார்கள். மண்ணை வாரிவிட்டால் எவ்வளவு சுத்தமான மனுஷன் என்பார்கள்.

சாயங்காலம் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் குனிந்து பார்த்தார். பால்காரரின் சைக்கிள் தடம் மட்டும்தான் இருந்தது. அதனால் ராச்சாப்பாடு நிம்மதியாகப் போயிற்று.

ஜூன் 5

கொட்டகையில் நிற்கும் பழைய பிக்கப்புக்கு எல்லாம் தயார், டயர்தான் பாக்கி. பழைய வண்டிக் கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டுமாம். சாவித்துளை கெட்டுப்போனதால், சாவி இல்லாமலே கிளப்ப அப்பா சுவிட்ச் ஒன்று வைத்திருக்கிறார். அவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, "க்ளட்ச்ச மிதி. விடு. மெதுவா விடுன்னு சொன்னேன்ல, காது அடைஞ்சு போச்சா?" என்று கத்த, அம்மா மேலே உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தாள். மாதக்கணக்காக இதே பாட்டுதான்.

ஜூன் 6

தூக்கம் வரவில்லை. போன வருஷத்து நினைப்பு. நானும் அம்மாவும் ஒரு பையோடு நடந்து, தெரு முக்குவரை போய், வலது பக்கம் திரும்பினோம். எங்கள் கால்விரல் எந்தப் பக்கம் பார்த்ததோ அந்தப் பக்கமே அவரும் வந்துவிட்டார். பிறகு நடந்ததை எழுத மாட்டேன். அம்மாவால் இன்னும் இடது கையால் துணி பிழிய முடியவில்லை.

ஜூன் 9

பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா என்னை டயர் கடைக்கு அழைத்துப்போனார். அவருக்குப் பிடித்தது, பட்டன் என்கிற ரப்பர் மேடுகள் அம்பு மாதிரி ஒரே பக்கம் பார்க்கிற டயர். போன் வந்து அவர் வெளியே போனபோது, மூலையில் இருந்த இன்னொன்றைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கட்டை கட்டையாக ஒரே மாதிரி பட்டன்.

கடைக்காரர் சிரித்தார். "அது பட்டாள டயர்மா. பழைய மாடல், இப்ப புதுசா வார்க்கிறாங்க. முன்னால உருண்டாலும் பின்னால உருண்டாலும் தடம் ஒண்ணுதான். வண்டி போச்சா வந்துச்சான்னு எதிரி மண்டையப் பிச்சிக்கணும்னு செஞ்சதுன்னு சொல்லுவாங்க."

எனக்கு எங்கள் வாசல் மண்தான் ஞாபகம் வந்தது. அப்பா உள்ளே வந்தார். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அப்பா, அந்தக் காலத்து வண்டிக்கு இதுதான் பொருத்தம். அம்பு டயர் போட்டா டிராக்டர் மாதிரி இருக்குன்னு கண்காட்சியில சிரிப்பாங்க."

சிரிப்பார்கள் என்ற சொல்தான் வேலை செய்தது. டயரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "அளவு சரியா இருக்குமாய்யா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "என் பொண்ணுக்கு மூளை இருக்கு. உன்ன மாதிரி மண்ணு இல்ல" என்றார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவருக்கு நான் செல்லம் ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாளோ?

ஜூன் 10

துணி காயப்போடும்போது அம்மாவிடம் டயர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கிளிப்பை வாயில் கடித்துக்கொண்டே நின்றாள்.

ஜூன் 11

அம்மா தானாகவே அப்பாவிடம் கேட்டாள்: "பிரேக் பாக்கணுமா? நான் வேணா மிதிக்கட்டுமா?"

அவளாகக் கேட்டதே இல்லை. கடவுளே, அவர் கவனிக்கக் கூடாது.

ஜூன் 14

கடைக்காரர் வந்து டயர் மாட்டினார். டீ குடித்தபடி, "இந்த டயர்ல ஒரு விசேஷம் தெரியுமாண்ணே..." என்று ஆரம்பித்தார். நான் தட்டோடு நின்றேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ. பிறகு அவர் பார்வை வாரிவிட்ட வாசலுக்குப் போய், அம்மாவின் கைக்குப் போய், டீக்குத் திரும்பியது.

"என்னய்யா விசேஷம்?"

"லேசுல தேயாதுண்ணே."

ஜூன் 19

தினமும் சாயங்காலம் ஊருக்குக் காட்ட வண்டியை எடுக்கிறார். ஒருநாள் முக்கில் இடது பக்கம், ஒருநாள் வலது பக்கம். போகிற தடமும் வருகிற தடமும் ஒன்றன்மேல் ஒன்று. வண்டி கடைசியாகப் போனது எந்தப் பக்கம் என்று நானே முக்கில் நின்று பார்த்தேன் — ஒன்றும் புரியவில்லை. நல்லது.

ஜூன் 20

நாளை சனிக்கிழமை. எனக்குப் பள்ளி இல்லை, அவருக்கு வேலை உண்டு. அம்மா என் செருப்பைக் கழுவி வைத்திருக்கிறாள். பிடிபட்டால்?

ஜூன் 27

முன்போல ராத்திரி ஒளிந்து அல்ல, இது பகலில் எழுதுவது.

அந்தச் சனிக்கிழமை முக்கில் அம்மா கையில் வண்டி இரண்டு தடவை அணைந்துவிட்டது. "மெதுவா விடு, மெதுவா விடு" என்று அப்பாவைப் போலவே தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு வண்டி வலது பக்கம் நகர்ந்தது. அவர் இடது பக்கம் போய் ராத்திரிவரை தேடினார் என்று அம்மாவின் சிநேகிதிக்குத் தகவல் வந்திருக்கிறது. நாங்கள் அவள் வீட்டில்தான் இருக்கிறோம். அவரும் என்றைக்காவது வலது பக்கம் வரலாம். அதற்குள் வக்கீலைப் பார்த்துவிடலாம் என்கிறாள் சிநேகிதி.

இங்கேயும் வாசலில் மண்தான். காலையில் கடைக்குப் போய் வந்தேன். என் கால்தடம் போவதும் வருவதுமாக அப்படியே கிடக்கிறது. அழிக்கலாமா என்று காலைத் தூக்கினேன்.

அப்புறம் விட்டுவிட்டேன்.