மதினி பொங்கல் வைத்த வடக்கு ஓரம்

என் பிரியத்துக்குரிய மதினிக்கு,

எதிர்வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் இன்னமும் காபி டம்ளரோடு எழுந்து வந்துவிடுகிற உங்கள் செல்வி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அண்ணன் தவறாமல் பாத்திரக்கடைக்குப் போய் வருகிறார். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று அவரே சொல்லிக்கொள்கிறார். கடைக்கு எதிரே இருக்கிற ஜூஸ்காரர் வேறு கதை சொல்கிறார்.

நான் சொல்ல வந்தது வேறு. நம் மொட்டைமாடியில் சோலார் வந்துவிட்டது, மதினி. நீங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனீர்களே, அதேதான். ஒரு கோடையில் கரண்ட் போய் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டீர்கள். வெளியே வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் செயலாளர் ராமசேஷன் சார் கதவைத் தட்டினீர்கள். "மேல வெயிலு சும்மா கிடந்து காயுது, நான் உள்ள இருட்டுல கிடந்து வேகுதேன். நல்லாவா இருக்கு?" என்று நீங்கள் கேட்டது தி.நகர் முழுக்கக் கேட்டிருக்கும்.

ஆனால் வரும்போதே ஒரு வம்பையும் கூட்டிக்கொண்டு வந்தது. சித்திரை மாதம் ஒரு காலையில் வாட்ச்மேன் ஏழுமலை என்னைப் படிக்கட்டில் மறித்தார்.

"யக்கா, சோலார் வைக்கத் தூங்குமூஞ்சி மரத்தை மொட்டையடிக்கப் போறாங்களாம். அந்தப் பச்சைக் குருவி கூடு அதுலதான கீது?"

அவர் சொன்னது உங்கள் 'பேர் வெட்டுறவ'னைத்தான். பச்சை உடம்பும் நெற்றியில் குங்குமமுமாக உச்சிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு, நம் கடையில் எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டுவதுபோல டொக் டொக்கென்று விடாமல் கூப்பிடுமே, அது. புத்தகத்தில் அதற்குக் குக்குறுவான் என்று பெயராம். பட்டுப்போன கிளையில்தான் அது பொந்து குடையும். மரத்தில் கத்தி வைக்கிறவர்கள் முதலில் கழிப்பதும் அந்தக் கிளையைத்தான்.

சோலார் உங்கள் ஆசை. அந்தக் குருவியும் உங்கள் செல்லம். இரண்டில் எதை விட்டுக்கொடுப்பீர்கள் என்று யாரிடம் போய்க் கேட்பேன்? அன்றைக்கு உங்கள் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. இந்த நேரம் பார்த்தா போய்ச் சேர வேண்டும்?

ஆனால் சும்மா இருக்க முடியுமா? பேனல்களை மாடியின் தென்பாதியில் வைப்பதாகத் திட்டம். மரமும் தெற்கே நிற்கிறது, நிழல் விழும், அதனால் வெட்ட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நிழலாவது ஒன்றாவது! தென்பாதியில்தானே நாம் வருஷா வருஷம் கூழ் வற்றல் பிழிந்து காயவைத்தோம்? ஒரு நாளாவது நிழல் தட்டி வற்றல் நமுத்ததுண்டா? மூன்றாவது மாடிப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு, நம் வற்றல் சேலை விரிக்கிற இடத்தைச் சுற்றிக் காவியால் கோடு போட்டேன். சோலார் கம்பெனி இன்ஜினியர் அளவெடுக்க வரட்டும் என்று இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தேன்.

வந்தது ஒரு சின்னப் பெண். நஸ்ரின் என்று பெயர், திருவல்லிக்கேணிக்காரி. கோட்டைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள்.

"ஆன்ட்டி, கோடு சூப்பரா போட்டிருக்கீங்க. ஆனா இது கோடை வெயிலு. மார்கழியில சூரியன் தெக்கால சாஞ்சுடும். அப்ப வந்து பாருங்க, இந்தக் கோடு மொத்தமும் மர நிழல்லதான் இருக்கும்."

கூட வந்திருந்த ராமசேஷன் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மார்கழியில் யார் வற்றல் போட்டோம்? வற்றலைத் தவிர வேறு எதற்காக நான் மாடி வெயிலை அண்ணாந்து பார்த்தேன்?

மார்கழி முடிந்த மறுநாள்தானே பொங்கல்? அப்போதுதான் நம் பொங்கல் சண்டை நினைவுக்கு வந்தது. குழாய் பக்கத்தில் இருக்கிறது, நடு மாடியில் அடுப்பை வைப்போம் என்பேன் நான். நீங்கள் கேட்கவே மாட்டீர்கள். கல்லைத் தூக்கிக்கொண்டு வடக்குக் கைப்பிடிச் சுவர் ஓரம் போய்விடுவீர்கள். "ஏட்டி, சூரியனுக்குப் பொங்கல் வச்சுட்டு நிழல்ல நின்னா கும்பிடுவாங்க? வெயிலு இங்கனதான் வருது" என்பீர்கள். உங்கள் பிடிவாதம் என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்தேன். அந்த ஓரத்தில் உங்கள் அடுப்புக் கரி இன்னும் வட்டமாகப் படிந்திருக்கிறது. நஸ்ரினின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

அவள் போனில் எதையோ போட்டுப் பார்த்தாள். "இங்க வருஷம் பூரா வெயில் இருக்கு ஆன்ட்டி. பேனல் கொஞ்சம் குறையும், ஆனா மரத்துல கை வைக்கவே வேணாம். இந்தச் சாமானையெல்லாம் பார்த்துத்தான் நாங்க இந்தப் பக்கமே வரல."

பார்த்தால் அவள் சொன்னது சரிதான். வீட்டுக்கு ஒரு துணிக்கொடி, ஓடாத ஏர்கூலர், கால் உடைந்த கட்டில், எப்போதோ செத்துப்போன துளசித் தொட்டி. ராமசேஷன் சார் கையை விரித்துவிட்டார்.

"எங்காத்துல துணிய எங்க உணத்தறது? ஒவ்வொருத்தர் கால்லயும் போய் விழுந்துண்டு இருக்க முடியுமா? மரம்னா எதிர்த்துப் பேசாது, வெட்டிடலாம்."

"சார், பொங்கலுக்குப் பொங்கல் இதே இடத்தைக் காலி பண்ணித் தந்தீங்களே?" என்றேன். "எங்க மதினி கீழே நின்னு ஒரு குரல் கொடுப்பாங்க. எல்லாரும் வந்து கொடியை அவிழ்ப்பீங்க, கட்டிலை நகர்த்துவீங்க. யாராவது மாட்டேன்னு சொன்னதுண்டா?"

அவர் அந்தக் கரிவட்டத்தைப் பார்த்தார். உங்கள் முதல் கரண்டிப் பொங்கல் எப்போதும் அவர் வீட்டுக்குத்தானே போகும்? "அவா கையால இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே போய்த் தன் வீட்டுக் கொடியின் முடிச்சை முதலில் அவிழ்த்தார். செயலாளரே அவிழ்த்தபிறகு மற்றவர்கள் என்ன சொல்வார்கள்? முதல் மாடிக்காரர் மட்டும் ஏர்கூலருக்காக ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார்.

ஆடி முடிவதற்குள் பேனல்கள் வந்துவிட்டன. லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் பேட்டரியோடு ஓடுகிறது. இனி யாரும் இருட்டில் வேக வேண்டாம். துணி எல்லாம் நம் வற்றல் இடத்துக்கு வந்துவிட்டது. வற்றலுக்கும் துணிக்கும் கோடையில் ஒரு பஞ்சாயத்து நடக்கும், அது என் பாடு.

பக்கத்துத் தெரு அடுக்ககத்திலிருந்துகூட வந்து பார்த்தார்கள். அங்கே ஒரு புங்கமரத்துக்கு நாள் குறித்திருந்தார்களாம். நாங்கள் நாலைந்து பெண்கள் போய், அவர்கள் மாடியில் என்னென்ன அடைசல் இருக்கிறது என்று முதலில் பார்ப்போம் என்று மேலே ஏறினோம். இப்போது அந்த மரமும் நிற்கிறது. மாடியில் சோலார் வைக்கிறவர்கள் முதலில் மரத்தில் கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், குஞ்சு இருக்கிற மாதங்களில் கிளையைத் தொடக்கூடாது என்று கவுன்சிலரிடம் மனுக் கொடுத்திருக்கிறோம். பார்க்கலாம் என்றார். நாங்களும் விடுவதாக இல்லை.

இது மார்கழி. நேற்று உச்சிவேளையில் மாடிக்குப் போனேன். அந்தப் பெண் சொன்னபடியே, மழைக்கு மங்கியும் அழியாத என் காவிக்கோடு மொத்தமும் நிழலுக்குள் கிடந்தது. நிழல் அங்கிருந்து நீண்டு வந்து, பேனலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டது. எனக்குச் சிரிப்பாக வந்தது, மதினி. மனசு நிறைந்திருந்தது. மரத்தில் பேர் வெட்டுறவனும் ஆஜர். யார் பெயரை வெட்டுகிறானோ, முடிகிற வழியாக இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வரிசையின் நடுவில் ஒரு பேனல் அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது. நஸ்ரினிடம் நான்தான் விடச் சொன்னேன். "எதுக்கும்மா வேஸ்ட்டா?" என்று ராமசேஷன் சார் கேட்டார். கீழே பாருங்கள் என்றேன். உங்கள் கரிவட்டம் இருந்தது.

தைப் பொங்கலுக்குக் கல்லை அங்கேதான் கூட்டுவேன். குழாயிலிருந்து தண்ணீரைச் சுமந்துகொண்டு வருவேன். இடுப்பு வலித்தாலும் நடு மாடியில் வைத்திருக்கலாமே என்று இனி ஒருநாளும் வாய் திறக்க மாட்டேன். இத்தனை வருஷச் சண்டையில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

முதல் கரண்டி ராமசேஷன் சார் வீட்டுக்குப் போகும்.

வெயில் எங்கே வருகிறது என்று உங்களால் தெரிந்துகொண்ட,
உங்கள் நாத்தனார்
செல்வி