பச்சைக்குள் போன நம்பர்

மார்ச் 3, திங்கள்

வண்டி பாஸாகவில்லை.

பிரேக் பிடித்தது. விளக்கு எரிந்தது. ஹாரன் மட்டும் சளிப் பிடித்த குரலில் இருமியது. போன வருஷம் வண்டியோடு சேர்த்து அதற்கும் நான்தான் பெயிண்ட் அடித்தேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆய்வாளர் பெரிய மனசு பண்ணி அதை விட்டுவிட்டார். பிறகு பானெட்டைத் திறக்கச் சொன்னார். இரும்பில் குத்தியிருக்கிற சேஸிஸ் நம்பர் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பாராம், நம்பர் அப்படியே தாளில் விழவேண்டுமாம். குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"நம்பர் எங்கங்க?"

"உள்ளதான் சார் இருக்கும்."

"எதுக்குள்ள?"

"பெயிண்டுக்குள்ள."

ஒரு இடம் விடாமல் மூன்று கோட் அடித்தேன் என்று தெருவெல்லாம் பெருமை பேசினேனே, அந்த ஒரு இடத்தை விட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா? அதுவும் வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சை. டப்பா நிறைய இருந்தது, கை தாராளமாகிவிட்டது.

பதினேழாம் தேதி மறுபடி வரச் சொன்னார். அன்றைக்கும் நம்பர் தெரியாவிட்டால் பழைய இரும்பு என்று எழுதிவிடுவார். என்னைவிட மூத்த கார். அதன் கதியே இப்படி என்றால் என் கதி?

வீட்டில் சொன்னேன். மனைவி தையலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரி. பதினெட்டாம் தேதியிலேர்ந்து ஷெட்டு எனக்கு."

மார்ச் 4

அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. எழுதிவிடுகிறேன், இங்கே யார் பார்க்கப்போகிறார்கள்.

தையல் மெஷின் எங்கள் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் நிற்கிறது. யாராவது அளவு கொடுக்க வந்தால் நான் வெளியே. இன்று காலை பாதி முகம் சவரம் செய்த நிலையில் வெளியே. வந்த அம்மா ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்துப் போகிறவரை சோப்பு நுரையோடு கொல்லைப்பக்கம் நின்றேன்.

நாலு வருஷமாக, வண்டி நிற்கிற ஷெட்டைத் தையலுக்குக் கேட்கிறாள். சர்டிபிகேட் இல்லாத வண்டியைத் தெருவில் நிறுத்தினால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று சொல்லிச் சொல்லியே காலம் கடத்தினேன். போன மாதம்தான் முடிவாகச் சொன்னாள்: "ஒண்ணு ஓட்டுங்க, இல்ல அனுப்புங்க."

மார்ச் 6

உருளைக்கிழங்கு சீவுகிற சாமானால் சுரண்டிப் பார்த்தேன். பெயிண்ட் வரவில்லை. சீவுகிற சாமானின் கூர் போயிற்று. கழுவி, பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மெக்கானிக்கிடம் கேட்டேன். எல்லாரும் அவனை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஆளும் அப்படித்தான் மெலிந்து நீண்டு இருப்பான். "கிரைண்டர் வெச்சுத் தேய்ச்சிடவா?" என்றேன். கையிலிருந்த டீ சிந்திவிட்டது அவனுக்கு.

"அண்ணே! நம்பர்ல ஒரு கீறல் விழுந்தாலும் திருட்டு வண்டிம்பாங்க. உப்புத்தாளும் வேணாம், கம்பி பிரஷ்ஷும் வேணாம். ரிமூவர் வாங்கித் தடவுங்க, ஊற விடுங்க, மெதுவா எடுங்க. மெதுவாண்ணே. மெதுவான்னா தெரியும்ல?"

தெரியும். கேள்விப்பட்டிருக்கிறேன்.

மார்ச் 8, சனி

பெயிண்ட் ரிமூவர் என்பது தயிர் மாதிரி இருக்கிறது. நெடி கண்ணைக் கரிக்கிறது. டப்பாவிலிருந்து எடுத்துத் தடவ வசதியாக ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஊற்றினேன். அது முதலில் கிண்ணத்தைத் தின்றது. பிறகு கிண்ணத்தின் அடி வழியாக இறங்கி என் ரப்பர் செருப்பைத் தின்றது. நான் செருப்பை விட்டுவிட்டு வெளியே குதித்தேன். வலது செருப்பு இன்னும் ஷெட் தரையில்தான் இருக்கிறது, வரவில்லை.

வண்டியில் பெயிண்ட் அப்படியே இருக்கிறது.

மார்ச் 9

மகளின் நகப்பூச்சு அழிக்கிற திரவம் முழுவதையும் தீர்த்தேன். பலன்: என் நகம் பளபளக்கிறது. மகள் பேசவில்லை.

மார்ச் 12

வந்துவிட்டது!!

கடைசியில் மெதுவாகத்தான் செய்தேன். ரேடியேட்டருக்குப் பக்கத்தில், தகட்டில். ஓரமாக ஒரு கோடு தெரிந்தது, தேய்ந்துபோன பல் விளக்குகிற பிரஷ்ஷால் தேய்த்தேன். (குப்பைக்குப் போகவேண்டியது என்று எடுத்தேன். ராத்திரி பல் விளக்கப் போனபோதுதான் அது என்னுடையது என்று தெரிந்தது.) வளைவு வந்தது. பிறகு எட்டு! எட்டு என்கிற எண் இவ்வளவு அழகா? தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். அப்படியே விழுந்தது.

மகளிடம் காட்டினேன். பேச்சுத்தான் இல்லையே, எழுத்துகளை எண்ணி நாலு விரலைக் காட்டினாள். அந்தக் காலத்தில் கார்கள் கம்மி, நம்பரும் சின்னதாகத்தான் இருக்கும் என்று விளக்கம் கொடுத்தேன். பொறுமையாக, தகப்பன் தோரணையில்.

மார்ச் 13

அது பேட்டரி தட்டின் நம்பர்.

ஸ்பேனர் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தான். தோள் குலுங்கியது. "அண்ணே, பேட்டரி தட்டு பாஸ்ணே" என்றான். கடையிலிருந்த எல்லாரிடமும் தாளைக் காட்டினான். பிறகு வந்து சரியான இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொடுத்தான். எதிர்ப்பக்கம்.

மார்ச் 14

எதிர்ப்பக்கம் மேல்தோல் வந்தது. ஆனால் குத்தின பள்ளத்துக்குள் எல்லாம் பச்சை இறுகிப்போய் உட்கார்ந்திருக்கிறது. குண்டூசியை வைத்தேன் — சறுக்கி ஒரு கீறல். மயிரிழைதான், நம்பருக்கு வெளியேதான். விட்டுவிட்டேன்.

எதுக்குடா உனக்கு இந்த வேலை? பம்ப் ஸ்டேஷன்ல வால்வைத் திறக்கிறவன், மூடுறவன். அதோட நிறுத்திக்கக் கூடாதா? போனா போகட்டும், இரும்புதானே?

போகட்டும்னு எழுதிட்டேன். மனசு கேக்கலை. டிரைவர் சீட்ல உக்காந்தா யாரும் எந்திரிக்கச் சொல்ல மாட்டாங்க. இந்த வீட்ல அப்படி ஒரு இடம் அது ஒண்ணுதான்.

மார்ச் 15, சனி

மனைவி ஷெட்டுக்கு வந்தாள். செருப்பைப் பார்த்தாள். பானெட்டுக்குள் குனிந்தாள்.

"ரிமூவர் தடவி எவ்வளவு நேரம் விட்டீங்க?"

"விட்டேனே. கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"ஒரு... கை கழுவிட்டு வர்ற நேரம்."

தலையில் அடித்துக்கொண்டாள். நம்பர் மேல் மட்டும் ரிமூவரைத் தடிப்பாக வைத்தாள். காயாமல் இருக்க மேலே பாலிதீன் காகிதத்தை ஒட்டினாள். "தொடக்கூடாது" என்றாள், சின்னப் பிள்ளையிடம் சொல்வது போல. போய் ஒரு ஜாக்கெட்டுக்குக் கைவைத்துவிட்டு வந்தாள். அதற்குள் நான் இரண்டு தடவை பாலிதீனைத் தூக்கிப் பார்க்கப் போனேன். இரண்டு தடவையும் ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

பிறகு மரக்குச்சியைக் கூராகச் சீவி, ஒவ்வொரு பள்ளமாக நோண்டினாள். பிரித்த தையலில் நூல் எடுப்பது போல பச்சை சுருள் சுருளாக வந்தது. துடைத்தாள். துணியில் கோடு போடுகிற வெள்ளைச் சாக்கை எடுத்து மேலே தேய்த்து, விரலால் வழித்தாள். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்றது. முழு நம்பரும்! முத்து முத்தாக.

"ஷெட்டு வேணும்னு நீதானே கேட்ட? அப்புறம் எதுக்கு இதைச் செய்யற?"

"பாவமா இருக்கு."

யார் பாவம் என்று கேட்கவில்லை. கண் கலங்கிவிட்டது. ரிமூவர் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

மார்ச் 17, திங்கள்

பாஸ்!

மனைவியும் கூட வந்தாள், நல்ல புடவை கட்டிக்கொண்டு. ஆய்வாளர் தாளை வைத்துத் தேய்த்தார், நம்பர் கணீரென்று விழுந்தது. ஓரத்துக் கீறலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது யாரு போட்டது?" என்றார். "இவருதாங்க" என்றாள் மனைவி. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்த மூஞ்சிக்குத் திருடத் தெரியாது என்று பட்டிருக்கவேண்டும், கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கிளம்பும்போது மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இனிமே வண்டிய தெருவுல நிறுத்தலாங்களா?"

"தாராளமா நிறுத்தலாம்மா."

வழியெல்லாம் அவளுக்கு ஒரே சிரிப்பு. வண்டி பிழைத்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 18

காலையில் கண் விழித்தால் அறையில் மெஷின் இல்லை.

ஷெட்டில் இருந்தது. மகள் பெருக்கிக்கொண்டிருந்தாள். என் செருப்பை உளி வைத்துப் பெயர்த்திருந்தார்கள். வண்டி தெருவில், வேப்பமரத்தடியில். ராத்திரியே தள்ளி விட்டிருக்கிறார்கள்!

"பாவமா இருக்குன்னியே!" என்றேன்.

"பாவமாத்தான் இருந்துச்சு. வண்டிய இரும்புக்குப் போட்டா நீங்க எங்க போய் உக்காருவீங்க? டூட்டி முடிஞ்சா வீட்டுக்குள்ளதானே? நான் பாவம்."

மகள் துடைப்பத்தை வைத்துவிட்டுக் கை தட்டினாள். பத்து நாளுக்குப் பிறகு என்னோடு பேசினாள்: "அம்மா பாஸ்ப்பா."

மார்ச் 22, சனி

வண்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் நின்று இரண்டு வார்த்தை பேசுகிறார்கள். ஷெட்டில் இந்த வசதி கிடையாது. ஒரே கஷ்டம் காக்கை. கண்ணாடியெல்லாம் நாசம்.

சற்று முன் மனைவி அளவு நாடாவோடு வந்தாள். பானெட்டிலிருந்து பின்பக்கம் வரை நீட்டினாள், சுற்றளவு எடுத்தாள், கண்ணாடி துருத்திக்கொண்டிருக்கிற இடத்தில் சாக்கால் குறி போட்டாள். உறை தைக்கிறாளாம். புது இடத்தில் முதல் தையல் இதுதானாம்.

நான் கதவைத் திறந்து இறங்கப் போனேன்.

"நீங்க உக்காருங்க" என்றாள். "அளவெடுக்கும்போது அசையக் கூடாது."