கோமுவின் புல் நாடு

கர்க்கடக மாதம், செவ்வாய்க்கிழமை. விடாத மழை.

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வீடு வந்தேன். குழந்தை கோமுவுக்குக் காய்ச்சல் விட்டும் கால்களில் இன்னும் பலமில்லை. வைத்தியர் பொறுக்கச் சொல்கிறார்.

படுத்தபடியே ஒரு நாட்டை உண்டாக்கியிருக்கிறாள். பொன்முடி மலைக்கு அப்பால், கண்ணுக்கெட்டியவரை புல். அங்குள்ளவர்கள் பச்சை முடிக் குள்ளர்கள். உரக்கச் சிரித்தால் காற்றுப் பருந்து தூக்கிப் போய்விடுமாம். அதனால் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டே சிரிப்பார்களாம்.

அந்த நாட்டுக்குப் படம் வரையச் சொன்னாள். சர்வே ஆபீஸ் கை சும்மா இருக்குமா? குறுக்கும் நெடுக்குமாக ரோடு போட்டு, எல்லைக் கல்லும் நட்டுவிட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“ரோடு எதுக்குப்பா? அங்க யாரும் நடக்கவே மாட்டா. படுத்துண்டா போறும், புல்லே தூக்கிண்டு போயிடும், கேட்டியா?”

ரப்பரை எடுத்து ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசி ரோட்டுக்கு வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அது இருக்கட்டும்பா. நீ நடந்துதானே வரணும்?”

இப்போது தூங்குகிறாள். அந்த ரோட்டுக்கு மட்டும் மை போட்டேன். போடும்போது கொஞ்சம் அகலமாக்கிவிட்டேன், இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற மாதிரி.