அரங்கத்துக்கு எதற்கு வடிகால்?

கார்த்திகை 4, புதன்

திருப்பாலைக்குடியில் வலை உலர்த்தும் பொட்டலில் கட்டப்போகும் நாடக அரங்கத்தின் வரைபடத்தை என்ஜினீயர் இன்று ஊராருக்கு விரித்துக் காட்டினார். மேடையையும் நாற்காலிகளையும் வேண்டியபடி நகர்த்தலாமாம். தரையின் நடுவே நீளமாக ஒரு வடிகால் இருந்தது.

மகளிர் சங்கத் தலைவி முத்தம்மாள் அதன்மேல் விரலை வைத்தார். "நாடகம் பாக்குற எடத்துல சாக்கடை எதுக்குய்யா? நாங்க அழுகுற கண்ணீரு ஓடவா? மீன் கம்பெனியிலதான் இப்படிப் பாத்துருக்கேன்."

கூட்டம் சிரித்தது. என்ஜினீயரும் சிரித்தார், வரைபடத்தைச் சுருட்டினார்.

வரைபடத்துக்கு நகல் கேட்டேன். "மொதல்ல ஊர்க்காரங்க பொட்டலை எழுதிக் குடுக்கட்டும் சார், அப்புறம் தாரேன்" என்றார்.

நாளை பத்திரத்தில் முதல் கையெழுத்து முத்தம்மாளுடையது. நிருபரான நான் ஆதாரம் இல்லாமல் ஒரு வரிகூட எழுதியதில்லை. கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்வதற்கும் ஆதாரம் வேண்டுமா? அவர் மீன் ஏலத்துக்குக் கிளம்புமுன், விடிகாலை நாலு மணிக்கே போய்ச் சொல்லிவிட வேண்டும்.